டாலர் வந்தா ஜிஎஸ்டி எடுத்தே ஆகணுமா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில (படுகர் கிராமம்) இருக்கேன். ஒன்பது வருஷமா ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை. காட்டேஜ்காரங்களுக்கு மெனு கார்டு, போர்டு, டீத்தூள் பாக்கெட் லேபிள், கல்யாணப் பத்திரிகைன்னு ஓடுது, ஆனா செஞ்ச வேலைக்குப் பணம் வாங்கறதுக்குள்ள உயிர் போகுது. ரெண்டு வருஷமா தமிழ்ல வீட்டுத்தோட்டம், மலைக்காய்கறி பத்தி பிளாக் எழுதறேன், முழுசா அதுலயே இறங்கிடலாம்னு இருக்கேன். ஊட்டியில ஒரு ஏஜென்ட், டாலர்ல பணம் வந்தா முதல் ரூபாயில இருந்தே ஜிஎஸ்டி கட்டாயம்ங்கறார். ஜிஎஸ்டி, கம்பெனி, கரன்ட் அக்கவுண்ட், உத்யம்ங்கற சின்ன தொழில் பதிவு எல்லாம் சேர்த்து 24,000 கேக்கறார். தமிழ் சைட்டுக்கு ஆட்சென்ஸ் (சைட்ல விளம்பரம் போட்டு கூகுள் பணம் குடுக்கற ஏற்பாடு) கிடைக்காது, அப்ரூவ் ஆன அக்கவுண்டே ரெடியா தர்றேன்னும் சொல்றார். ஆதார், பேன் காப்பி வாட்ஸப்புல அனுப்பிட்டேன், பணம் இன்னும் குடுக்கல. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா.

அவர் சொல்றதுல பாதி நெசம், அதான் ஆபத்து. வெளி மாநிலத்துக்கு, வெளிநாட்டுக்கு வித்தா அளவே பார்க்காம ஜிஎஸ்டி எடுக்கணும்னு சட்டத்துல ஒரு வாக்கியம் இருக்கு, அதை மட்டும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு இந்த ஆளுங்க ஊர் ஊரா காட்டிட்டு இருக்காங்க. அதே 2017லயே சேவை செய்யறவங்களுக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் அது வேண்டாம்னு தனியா அறிவிப்பு வந்துடுச்சு, அதை மட்டும் காட்ட மாட்டாங்க. டிசைனும் சேவை, உங்க பிளாக்ல விளம்பரத்துக்கு இடம் குடுக்கறதும் சேவை. ரெண்டும் சேர்த்து 20 லட்சம் தாண்டற வரைக்கும் உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் தேவையில்ல.

"ரெண்டும் சேர்த்து"ங்கறதை மட்டும் கவனிங்க. டிசைனுக்கு ஒரு 20, பிளாக்குக்கு ஒரு 20ன்னு கிடையாது, ஒரு பேன் நம்பருக்கு ஒரே கணக்கு, அதுவும் லாபம் இல்ல, வந்த மொத்தத் தொகை. மேல் ரூமை சீசனுக்கு வாடகைக்கு விடறீங்கன்னா அதுவும் இதுலயே சேரும்.

தேவையில்லாம எடுத்துட்டா என்ன ஆகும்னு கேப்பீங்க. வருமானமே இல்லாட்டியும் ரிட்டர்ன் போட்டுட்டே இருக்கணும், மறந்தா நில் ரிட்டர்னுக்கே ஒரு நாளைக்கு 20 ரூபாய் லேட் ஃபீ ஓடும். வேண்டாம்னு கேன்சல் பண்ணப் போனா பாக்கி எல்லாம் முடி, கடைசி ரிட்டர்ன் போடு, விளக்கம் குடுன்னு இழுப்பாங்க. உள்ள போறதுக்கு அகலக் கதவு, வெளிய வர்றதுக்கு எலி வளை, இதை எவன் டிசைன் பண்ணானோ தெரியல, நிச்சயமா உங்களை மாதிரி டிசைனர் இல்ல. மழை நாள்ல நெட்டும் கரண்டும் மாறி மாறிப் போற ஊர்ல உக்காந்து, ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி ராத்திரி அந்த போர்ட்டலைத் தொறந்து பாருங்க, அப்ப தெரியும் நான் ஏன் கத்தறேன்னு.

இப்ப அந்த 24,000 என்னன்னு பிரிச்சுப் பார்ப்போம். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் சைபர். உத்யமுக்கும் சைபர், ஆதாரை வெச்சு நீங்களே போட்டுக்கலாம் (தேடும்போது அரசாங்க சைட் மாதிரியே சிங்க முத்திரை கணக்கா ஒண்ணு போட்டுட்டுப் பணம் கேக்கற சைட்டுங்க மேல வந்து நிக்கும், முகவரி ஜிஓவி டாட் இன்ல முடியுதான்னு பார்த்துட்டு உள்ள போங்க). கரன்ட் அக்கவுண்ட் வேண்டாம், உங்க பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்டே போதும், ஆட்சென்ஸ்ல இருக்கற பேரும் பேங்குல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கணும் அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணத்துக்கு ஐஎஃப்எஸ்சி பத்தாது, ஸ்விஃப்ட் கோட் கேக்கும். நம்ம பக்கம் சின்ன ப்ராஞ்சுக்கெல்லாம் தனியா இருக்காது, எந்த ப்ராஞ்ச் கோட் போடணும்னு மேனேஜர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. கம்பெனின்னா ப்ரைவேட் லிமிடெட்தானே சொல்றார்? ஒத்த ரூபாய் வரலன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணணும், வீட்டுத்தோட்டம் பத்தி எழுதறவங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி.

இதுல ஒரு வேடிக்கை. அந்த லிஸ்ட்ல உங்களுக்கு உண்மையா உபயோகப்படற ஒரே சாமான் அந்த இலவச உத்யம்தான். "பணம் வாங்கறதுக்குள்ள உயிர் போகுது"ன்னு எழுதியிருக்கீங்களே, உத்யம் நம்பர் இருக்கற சின்ன தொழில்காரங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்ல, இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் குடுத்தாகணும்னு சட்டம் இருக்கு, தாண்டினா வட்டி உண்டு, இதுக்குன்னு இருக்கற அரசாங்க போர்ட்டல்ல புகாரும் குடுக்கலாம். ஆனா வேலை செய்யறதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும், பழைய பாக்கிக்கு இது உதவாது. இன்னைக்கே போட்டுட்டு அடுத்த பில்லுல இருந்து அந்த நம்பரை மேல பெருசா அச்சடிங்க. புகார் வரைக்கும் போகவே வேண்டியிருக்காது, நம்பரைப் பார்த்ததுமே பாதிப் பேர் ஜிபே பண்ணிடுவாங்க.

அடுத்து ரெடிமேட் ஆட்சென்ஸ். இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். தமிழுக்கு ஆட்சென்ஸ் 2018லயே வந்தாச்சு, அப்ளை பண்ண காசும் கிடையாது. அக்கவுண்டை விக்கறது வாங்கறது ரெண்டுமே அவங்க விதியில தப்பு, தெரிஞ்சா மூடிடுவாங்க, உள்ள இருக்கற பணமும் போச்சு. மூடாட்டியும் அது யார் பேரு? அவர் பேரு. நீங்க கேரட்டையும் பீட்ரூட்டையும் படம் புடிச்சு மாசக்கணக்கா எழுதி 100 டாலர் சேர்த்தா, அது 21ஆம் தேதிக்கு மேல அவர் பேங்குல போய் விழும். சைட் பேரையும் அவரே வாங்கித் தர்றேன்னு சொல்லியிருப்பாரே? அவர் ஈமெயில்ல பதிஞ்சிருந்தா சைட்டும் அவருதுதான், ரின்யூவலுக்கு அவர் கேக்கறதுதான் விலை. டொமைன், ஈமெயில், ஆட்சென்ஸ் மூணும் உங்க பேர்ல, உங்க போன் நம்பர்ல இருக்கணும், இதுல யாருக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க, சொந்தக்காரப் பையனா இருந்தாலும் சரி.

நீங்களே அப்ளை பண்ணும்போது நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல். கணக்குல 10 டாலர் சேர்ந்ததும் உங்க முகவரி நெசமான்னு பார்க்க ஒரு பின் நம்பரை சாதாரண தபால்ல அனுப்புவாங்க. ஆமாம், உலகத்துல இருக்கற எல்லா வீட்டு மாடியையும் சேட்டிலைட்ல பார்க்கறவங்க, உங்க வீட்டைக் கண்டுபிடிக்க போஸ்ட்மேனைத்தான் நம்பறாங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும், நாலு மாசத்துக்குள்ள அந்த நம்பரைப் போடலன்னா விளம்பரம் நின்னுடும். ஹட்டியில கதவு எண் இருக்காது, அதனால வீட்டுப் பேர், அப்பா பேர், ஹட்டி பேர், தபால் ஆபீஸ் பேர், 643217ன்னு வரிசையா போடுங்க, போஸ்ட்மேன் அண்ணாகிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க. வரலன்னா மறுபடி கேக்கலாம், மூணு தடவை கேட்டும் வரலன்னா அடையாள அட்டையை அப்லோட் பண்ண விடுவாங்க. இதுக்கும் ஏஜென்ட் தேவையில்ல.

வருமான வரிக்கு வர்றேன். உங்க அளவுக்கு பயப்பட ஒண்ணுமில்ல. புது முறையில 2025-26ல இருந்து வருஷ வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி வராது, ஆனா ரிட்டர்ன் போடணும், ரிசார்ட்காரங்க டிசைன் பில்லுல முன்கூட்டியே வரியாப் புடிச்ச டிடிஎஸ் அப்பத்தான் திரும்ப வரும். ஆட்சென்ஸ்காரங்க இங்க டிடிஎஸ் புடிக்க மாட்டாங்க, அதனால பின்னாடி வருமானம் பெருகி வரி 10,000 தாண்டற நிலை வந்தா அட்வான்ஸ் டாக்ஸை நீங்களே கட்டணும். அது வர்றப்போ பார்த்துக்கலாம்.

பார்க்க வேண்டியது கமிஷன். சின்ன வியாபாரம் பண்றவங்களுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு, பேங்க் வழியா வந்த தொகையில 6 சதவீதம் லாபம்னு காட்டிட்டு, கணக்குப் புத்தகம் இல்லாம முடிச்சுக்கலாம். பிளாக் எழுதறவங்க நிறைய பேர் விளம்பரப் பணத்தை இப்படித்தான் காட்டறாங்க. ஆனா கமிஷன் வருமானம் இருக்கறவங்களுக்கு இந்த வழி கிடையாது. குன்னூர்ல ஒரு தம்பி, ட்ராவல் பிளாக், விளம்பரப் பணம் மொத்தத்துக்கும் 6 சதவீதம் போட்டு ஜம்முனு ரிட்டர்ன் போட்டுட்டான், கூடவே ரூம் புக்கிங் லிங்க்ல ஒரு கம்பெனி 31,000 கமிஷன் குடுத்து டிடிஎஸ்சும் புடிச்சிருக்கு. அது அவனோட 26ஏஎஸ்ல, அதாவது அவன் பேர்ல யார் யார் எவ்வளவு வரி புடிச்சாங்கன்னு வருமான வரித்துறை காட்டற பட்டியல்ல, "கமிஷன்"னு தலைப்பு போட்டு பளிச்சுனு நிக்குது, பையன் பார்க்கவே இல்ல. நோட்டீஸ் வந்ததும் என் டேபிள்ல ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பெட்ரோல் பில்லும் டீக்கடைத் துண்டுச்சீட்டும் கொண்டாந்து கொட்டினான், பாதியில எழுத்தே அழிஞ்சு போச்சு. உங்களுக்கும் விதைக் கம்பெனி, தொட்டிக் கம்பெனியெல்லாம் வரும். எப்படிப் பிரிச்சுப் பார்க்கறதுன்னா, ஒரு கட்டுரைக்கு இவ்வளவுன்னு மொத்தமா குடுத்தா அது விளம்பரக் கட்டணம், வித்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இவ்வளவுன்னு குடுத்தா கமிஷன். கமிஷன் லிங்க் போடறதா இருந்தா போடற அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கி வரவு செலவு எழுத ஆரம்பிங்க. நெட் பில், கேமரா, டொமைன், தோட்டத்துக்கு வாங்கின எரு வரைக்கும். (டிசைன் வருமானத்தைப் பாதி லாபம்னு காட்டற இன்னொரு வழி இருக்கு, கிராஃபிக் டிசைன் அந்த லிஸ்ட்ல வருமா வராதாங்கறது தனித் தகராறு, ரிட்டர்ன் போடறப்போ கேளுங்க.)

டிசைனை விடலாமான்னு நீங்க நேராக் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஒரு பேச்சுக்கு ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர்னு வெச்சுக்கங்க, 100 டாலருக்கு ஒரு லட்சம் பார்வை வேணும். நாலு மெனு கார்டு பண்ணா வர்ற காசை அதோட பக்கத்துல எழுதிப் பாருங்க. அரசனை நம்பி புருஷனைக் கைவிட வேண்டாம், ஒழுங்கா பணம் குடுக்கற கிளையன்ட் மூணு நாலு பேரை வெச்சுக்கிட்டு, இழுத்தடிக்கறவங்களை மட்டும் கழட்டி விடுங்க.

கடைசியா ஒண்ணு, இதை இன்னைக்கே செய்யணும். ஆதாரும் பேனும் அவர் கையில இருக்கு. ஓடிபி எதுவும் கேட்டா சொல்லாதீங்க, "கை ரேகை வைங்க, சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு கூப்பிட்டா போகாதீங்க. ஜிஎஸ்டி சைட்ல லாகின் இல்லாமலே பேன் நம்பரைப் போட்டுத் தேடற இடம் இருக்கு, உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. எதுவும் இல்லன்னு வந்தா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. ஏதாவது ஒரு பதிவு உங்க பேர்ல வந்து நின்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு எனக்கு எழுதுங்க, அன்னைக்கே புகார் போட்டுடலாம்.