டெல்லியில் செவ்வந்திக்கு ஆபத்து ஜனவரி இல்லை, மே

கேள்வி: வணக்கம் சார். டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நவம்பரில் நர்சரியில் வாங்கிய 6 செவ்வந்தித் தொட்டிகள் மார்கழி முழுக்கப் பூத்துப் பொங்கலோடு ஓய்ந்துவிட்டன. இலையும் காய்கிறது. வைக்கோல் போட்டு மூடி இருட்டான அறையில் வைத்தால் அடுத்த வருடமும் பூக்கும் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மாவோ, குல்தாவுதியை (செவ்வந்திக்கு இந்தியில் அதுதான் பெயர்) யாரும் வைத்துக்கொள்வதில்லை, தூக்கிப் போடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தூக்கியும் போடாதீர்கள், மூடியும் வைக்காதீர்கள். அந்த வீடியோ மண்ணே உறைந்து போகிற ஊர்களுக்குச் சரி. டெல்லியில் ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்கினாலும் செவ்வந்தியின் தூர் தாங்கிவிடும், இருட்டில் வைத்தால்தான் முளைப்பதெல்லாம் வெளுத்து நோஞ்சானாகப் போகும். இங்கே அதைக் கொல்வது மே, ஜூன் வெயில், அதில் தப்பித்தால் ஜூலை மழை.

இப்போதே காய்ந்த தண்டுகளை மண்ணுக்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டிவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். செடி செத்துவிட்டதோ என்று தோன்றும், கொஞ்சம் குனிந்து தொட்டி ஓரத்தைப் பாருங்கள், பழைய தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மண்ணைப் பிளந்துகொண்டு அடர்பச்சையில் கொத்தாகச் சின்ன இலைகள் வரும். அதுதான் பக்கக் கன்று. அடுத்த வருடப் பூ அதில்தான் இருக்கிறது, பழைய கட்டையில் இல்லை. இந்தத் தளிரில் கறுப்பாக அசுவினிப் பூச்சி மொய்க்கும். வேப்பெண்ணெய் 5 மில்லியைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

பிப்ரவரி கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து, வெள்ளை வேரோடு வருகிற கன்றுகளை மட்டும் பிரித்து, 5 அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக நடுங்கள். தோட்டமண், மக்கிய எரு, மணல் மூன்றும் சம அளவு போதும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை செடி வளர வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும். உரம் வேண்டாம். காலை 10 மணிக்கு மேல் வெயில் படாத இடம், இல்லாவிட்டால் பச்சை நிழல்வலை. தொட்டியை வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள், ஏனென்றால் இலையைவிட முதலில் வேகிறது வேர்தான். நானே ஒரு மே மாதம் ஊருக்குப் போய் 2 வாரம் கழித்துத் திரும்பினால் 12 தொட்டியில் 3 தான் மிச்சம். தண்ணீர் ஊற்ற ஒப்புக்கொண்ட பையன் தவறாமல் ஊற்றியிருக்கிறான், மத்தியானம் ஒரு மணிக்கு, மொட்டை மாடித் தண்ணீர் டேங்கின் கொதிக்கிற தண்ணீரை! அதிகாலையிலும் இருட்டிய பிறகும் ஊற்றுங்கள்.

ஜூலையில் நுனித் தண்டை 3 அங்குலம் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு ஈரமணலில் செருகுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். மழையில் தாய்ச்செடி அழுகிப் போனாலும் இது கையில் இருக்கும், பூவும் இதில்தான் நன்றாக வரும். மழைத்தண்ணீர் நேராக விழாத இடம் முக்கியம். வேர் விட்டதைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி, ஆகஸ்ட் கடைசியில் 10 அங்குலத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். ஆறேழு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கிளைத்ததும் இன்னொரு முறை. செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு கைவைக்காதீர்கள், மொட்டு போய்விடும்.

வாங்கும்போது குடை மாதிரிக் குட்டையாக இருந்த செடி அடுத்த வருடம் நெட்டையாகப் போனால் பயப்படாதீர்கள். நர்சரியில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து அடித்திருப்பார்கள், வீட்டில் அது கிடையாது, குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, உங்கள் பால்கனிக்கு நேரே தெருவிளக்கு இருக்கிறதா? செவ்வந்தி நீண்ட இருட்டைப் பார்த்துத்தான் மொட்டு கட்டும். விளக்கு இருந்தால் செப்டம்பர் பாதியிலிருந்து மொட்டு தெரிகிறவரை தொட்டிகளை வேறு பக்கம் நகர்த்துங்கள், பால்கனி டியூப்லைட்டையும் ராத்திரி அணைத்துவிடுங்கள்.