மூன்று பாட்டிலையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

பூச்சி, மருந்து, பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சம்பா நட்டு 25 நாள் ஆகிறது. இலைச்சுருட்டுப் புழு விழுந்து அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. பக்கத்து வயல்காரர் ஒரு முறை அடித்து முடித்துவிட்டார். கடையில் கேட்டால் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, பயிர் பச்சை கட்ட ஒரு டானிக் என்று மூன்று பாட்டிலை எடுத்து வைத்து, ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: கலப்பது இருக்கட்டும், அடிக்கவே வேண்டுமா என்று முதலில் பார்ப்போம். வயலில் இறங்குங்கள். வரப்போரம் மட்டும் பார்த்தால் பத்தாது, குறுக்கே நடந்து அங்கங்கே ஒரு குத்தை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) பிடித்து இலைகளை எண்ணுங்கள். தூர் கட்டும், அதாவது பக்கக் கிளைகள் விடும் பருவத்தில் நூறு இலைக்குப் பத்து இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன் வரும் கடைசி இலை வந்தபிறகு அந்தக் கணக்கு ஐந்தாகக் குறையும், மணி முற்றுவதில் அந்த இலைக்குப் பெரிய பங்கு இருப்பதால். 25 நாள் பயிர் இன்னும் புது இலை விட்டுக்கொண்டேதான் இருக்கும், தின்னதை அதுவே ஈடுகட்டிவிடும். நட்ட முதல் 30 நாளைக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்று பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல காலமாகச் சொல்லி வருகிறது. நம் கடைத்தெருவுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை!

இப்போதே அடித்தால் காசு மட்டுமா போகும்? வயலில் சிலந்தி இருக்கிறது, தட்டான் இருக்கிறது, புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குளவி இருக்கிறது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்து பட்டால் முதலில் சாவது இவைதான். அடித்தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானின் முட்டையோ இலை உறைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரிந்து வரும்போது தின்ன ஆள் இல்லை. அப்புறம் கதிர் வரும் நேரத்தில் வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்கும்போது, இதற்கு நாற்பது நாள் முன்னால் நாம்தான் வழி விட்டோம் என்று யாருக்கும் தோன்றாது, இன்னொரு பாட்டில்தான் வாங்குவார்கள். இந்தோனேசியாவில் நாடு முழுக்க இப்படித்தான் ஆனது. அரசு மானியம் கொடுத்துக் கொடுத்து மருந்தை அடிக்க வைத்தது, புகையான் பெருகிக்கொண்டே போனது. கடைசியில் 1986-இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தார், மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். அதனால் நெல் விளைச்சல் ஒன்றும் விழுந்துவிடவில்லை. 1989-இல் உழவர்களை வாராவாரம் வயலில் இறக்கிப் பூச்சியை எண்ண வைக்கும் வயல்வெளிப் பள்ளி அங்கேதான் தொடங்கியது, பிறகு நம் ஊருக்கும் வந்தது.

உங்களுக்கு இப்போதைக்கு வேலை யூரியாவைக் குறைப்பதுதான். ஒரேயடியாகக் கொட்டிப் பயிர் கருகருவென்று நின்றால் இலைச்சுருட்டும் வரும், புகையானும் வரும். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டை இருந்தால் அதைப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். பறவை உட்கார அங்கங்கே குச்சி நடுங்கள், கதிர் முற்றும்போது மறக்காமல் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பறவை நெல்லைக் கொத்தும். புகையானை அடித்தூரில் குனிந்து பாருங்கள்: தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

சரி, கலக்கலாமா? லேபிளில் கலக்கலாம் என்று எழுதியிராத எதையும் கலக்காதீர்கள். சில கலவை திரிந்து போகும், சிலது இலையைக் கருக்கும். மூன்றையும் சேர்த்து அடித்தபின் எது வேலை செய்தது, எது வீண் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. டானிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அரை ஏக்கர் கத்திரி போட்டிருக்கிறேன். வாரம் இரண்டு தடவை அடித்தும் சொத்தை குறையவே இல்லை. இன்னும் பவரான மருந்து எது?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: பவர் பிரச்சினையே இல்லை. முட்டை பொரிந்து கொஞ்ச நேரத்திலேயே புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்து, வந்த ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்கிறது. நீங்கள் அடிப்பது வெளியே வழிகிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள். தலை சாய்ந்து வாடிய குருத்து எதைப் பார்த்தாலும் புழுவோடு வெட்டி, சொத்தைக் காயையும் சேர்த்து, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வரப்பில் வீசினால் புழு கூண்டு கட்டி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். வாராவாரம் இதை விடாமல் செய்ய வேண்டும். கூடவே இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து, உங்கள் அரை ஏக்கருக்கு மூன்று போதும். அதில் ஆண் அந்துப்பூச்சி மாட்டும். உள்ளே இருக்கும், பெண் பூச்சியின் வாசனை கொண்ட குப்பியை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். இன்னொன்று, போன போகத்துக் கத்திரிமாரை விறகுக்கென்று வயலோரம் குவித்து வைத்திருக்கிறீர்களா? பாதி அந்துப்பூச்சி அங்கிருந்துதான் வரும், முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை காய் பறிக்கும் பயிருக்கு வாரம் இரண்டு தடவை மருந்து என்றால், அது அப்படியே சாம்பாருக்குப் போகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று காத்திருப்புக் காலம் லேபிளில் இருக்கும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005 முதலே தடை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மருந்து அடித்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்கிறார். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். பழகிப்போகும் என்கிறார். அப்படித்தானா?
- பெரம்பலூர் வாசகி

பதில்: பழகாதம்மா, உடம்பில் சேரும். மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புக்குத் தேவையான ஒரு நொதியை முடக்குகின்றன. அது பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த டேங்க் என்றால் இன்னும் கீழே போகும். கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில் இது தெரியும். டாக்டரிடம் மருந்து பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அவர் தெளிக்கப் போகக் கூடாது.

துண்டு எதையும் தடுக்காது, நனைந்தால் மருந்தை முகத்திலேயே ஒட்டி வைக்கும். மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம் ஏறுகிறது, அதிலும் தண்ணீர் சேர்க்காத மருந்தை அளந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடம்தான் மிக மோசம். கையை விட்டுக் கலக்கவே கூடாது. நைட்ரைல் கையுறை (துணிக் கையுறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்), முழுக்கைச் சட்டை, பேன்ட், ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, லேபிளில் சொன்ன முகக்கவசம். லுங்கியும் பனியனும் போட்டுக்கொண்டு, முதுகில் ஒழுகும் டேங்கைச் சுமந்து போவதை இனியாவது நிறுத்தச் சொல்லுங்கள், வாஷர் சில ரூபாய்தான். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது. காற்றுக்கு எதிராக நடக்கக் கூடாது, நடுவில் பீடியும் வெற்றிலையும் கூடாது. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களும் வருடாவருடம் அடித்துப் பழகியவர்கள்தான்.

நீங்களும் ஜாக்கிரதை. அந்தத் துணியைத் துவைப்பது நீங்கள்தானே? குழந்தைத் துணியோடு ஊறப்போடாமல் தனியாக, கையுறை போட்டுத் துவையுங்கள்.

எச்சில் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, கண் மங்குவது, கண்மணி புள்ளியாகச் சுருங்குவது, சதை துடிப்பது, மூச்சுத் திணறுவது: இதில் எது தெரிந்தாலும் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். பால் கொடுப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். லேபிளோடு பாட்டிலை எடுத்துப் போவதுதான் நீங்கள் செய்யும் பெரிய உதவி. மருந்துக்கு மருந்து முறிவு வேறு: ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின் இருக்கிறது, களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு முறிவே கிடையாது. வாங்கும்போது பாட்டிலில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான்.

கேள்வி: மொட்டை மாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்துக் குறைந்தது. ஆனால் இப்போது முன்பைவிடப் பெரிய சைஸில், பஞ்சு பஞ்சாக வேகமாக ஓடும் பூச்சி வந்திருக்கிறது. நசுக்கிக்கொண்டே இருக்கிறேன்.
- மதுரை வாசகி

பதில்: நசுக்காதீர்கள்! மாவுப்பூச்சி இடத்தைவிட்டு அவ்வளவாக நகராது. குச்சியால் தொட்டதும் ஓடினால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கும், இரையைப் போலவே வெள்ளை உடுப்பு. சோப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பாருங்கள். எறும்பை மட்டும் விரட்டுங்கள், மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெளுத்துப்போன சமயம் ஞாபகம் இருக்கும். எத்தனையோ மருந்து அடித்தார்கள், அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்த, எறும்பைவிடச் சின்னக் குளவிதான் அதை அடக்கியது.

கேள்வி: புகையிலைக் கரைசல் இயற்கைதானே? கீரைக்குத் தாராளமாக அடிக்கலாமா?
- திண்டிவனம் வாசகர்

பதில்: வேண்டாம். அதில் இருக்கும் நிகோடின் கடும் விஷம், தோலிலேயே ஏறும். தக்காளி, மிளகாய் இருந்தால் புகையிலை வழியாகத் தேமல் நோய் வைரஸும் வரலாம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி நூறு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புச் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: காலி பாட்டில்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதி மிச்சமிருப்பதும் உண்டு.
- தர்மபுரி வாசகர்

பதில்: காலியானதை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள், வாய்க்காலில் வேண்டாம். பிறகு ஓட்டை போட்டு, கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளிப் புதைத்துவிடுங்கள். மிச்சத்தை அதே பாட்டிலில், லேபிள் கிழியாமல், வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், தாகத்தோடு வருகிறவருக்குத் தெரியாது.