செடிக்குத் தெளிக்கும் வேப்பெண்ணெய் பாட்டிலில் "ஒரு கேலன் தண்ணீருக்கு 1 அவுன்ஸ்" என்று போட்டிருக்கிறது. 10 லிட்டருக்கு எத்தனை மில்லி கலக்க வேண்டும்?

அமெரிக்க அளவு என்றால் 78 மில்லி, பிரிட்டிஷ் அளவு என்றால் 62.5 மில்லி. எந்த அளவு என்பதை பாட்டிலே காட்டிக் கொடுத்துவிடும். முன்பக்கம் மொத்த அளவை அவுன்ஸிலும் மில்லியிலும் போட்டிருந்தால், மில்லியை அவுன்ஸால் வகுத்துப் பாருங்கள். 32 அவுன்ஸ், 946 மில்லி என்று இருந்தால் 29.6 வரும், அது அமெரிக்க அவுன்ஸ். 28.4 வந்தால் பிரிட்டிஷ்.

அமெரிக்கா பழைய ஆங்கிலேய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது: 231 கன அங்குலம், அதாவது 3.785 லிட்டர். பிரிட்டன் 1824-இல் அதை விட்டுவிட்டு, 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவைப் புது கேலன் ஆக்கியது. அது இன்றைக்கு 4.546 லிட்டர். அமெரிக்க கேலனில் 128 அவுன்ஸ், பிரிட்டிஷ் கேலனில் 160. அதனால் கேலன் பெரிதாக உள்ள பிரிட்டனில் அவுன்ஸ் கொஞ்சம் சிறியது. இணையத்தில் கேலனை ஒரு நாட்டு அளவிலும் அவுன்ஸை இன்னொரு நாட்டு அளவிலும் எடுத்துக் கணக்குப் போடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேலனை லிட்டராக மாற்றும் வேலையே வேண்டாம். ஒரு லிட்டரில் உள்ள 1000 மில்லியை 128-ஆல் வகுங்கள்: லிட்டருக்கு 7.8 மில்லி. பிரிட்டிஷ் என்றால் 160-ஆல் வகுத்து 6.25. லேபிளில் 2 அவுன்ஸ் என்றிருந்தால் இரட்டிப்பாக்கினால் போதும்.

"2 டேபிள்ஸ்பூன்" என்று எழுதியிருந்தாலும் அமெரிக்கக் கணக்கில் அது ஒரு அவுன்ஸ்தான், ஸ்பூன் 14.8 மில்லி. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி பிடிக்கும், அதில் அளந்தால் மருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வேப்பெண்ணெய் கூடினால், அதுவும் வெயில் நேரத்தில் தெளித்தால், இலை கருகும்.

சமையலறைத் தராசில் 78 கிராம் நிறுத்து ஊற்றாதீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 78 மில்லி வேப்பெண்ணெய் ஏறக்குறைய 72 கிராம்தான் இருக்கும். தூள் மருந்துக்கு இது தலைகீழ்: அங்கே அவுன்ஸ் என்பது எடை, 28.35 கிராம். அமெரிக்க கேலனுக்கு 1 அவுன்ஸ் தூள் என்றால் லிட்டருக்கு 7.5 கிராம், தராசில்தான் நிறுக்க வேண்டும்.

தண்ணீர் அளவையும் நம்பிவிட வேண்டாம். பக்கெட்டில் ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும்.