நெல் ஆலையின் நீராவிக் குழாயில் சுற்றியிருக்கும் பஞ்சு ஆஸ்பெஸ்டாஸா?

திருவாரூர்ப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பாய்லர் குழாயிலிருந்து உதிரும் பஞ்சைப் பெருக்கினால் கை அரிக்கிறது, இது ஆஸ்பெஸ்டாஸா? இந்தப் பகுதி ஆலைகளில் பதினெட்டு ஆண்டுகள் பாய்லர் பார்த்தவன் நான்.

மெத்தைபோல் கம்பிவலையில் வைத்துத் தைத்த, பழுப்பு நிறப் பஞ்சு என்றால் அது ராக்வூல். கல்லை அல்லது உலைக் கசடை உருக்கி இழுத்த இழை. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் உருகிய உலோகத்தின் மேலே மிதக்கும் கசடை வழித்து ஒதுக்குவார்கள். இரும்பு ஊதுலையிலும் அப்படித்தான். தாதுவில் கலந்த மண்ணும் மணலும் சுண்ணாம்புக் கல்லோடு சேர்ந்து உருகி மேலே நிற்கும். ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ கசடு. பெரும்பகுதி சிமெண்டுக்குப் போய்விடும். மிச்சத்தில் கொஞ்சத்தை மறுபடி உருக்கிச் சுழலும் சக்கரத்தில் ஊற்றினால் பஞ்சு மிட்டாய்போல் இழை பறக்கும்.

1840-இல் வேல்ஸ் நாட்டில் எட்வர்ட் பேரி இதை முதலில் செய்து பார்த்தார். பறந்த இழை தொழிலாளர்களை வாட்டியதால் கைவிட்டார். பஞ்சைக் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு முகத்தில் கட்டத் துணிகூடக் கொடுக்காத ஆலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும்.

ஆஸ்பெஸ்டாஸ் நீளவாக்கில் பிளந்து மேலும் மெலிந்து நுரையீரலிலேயே தங்கிவிடும். ராக்வூல் குறுக்கே ஒடியும், மெல்லக் கரையும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்த முடியாத 3-ஆம் பிரிவில் வைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் 1-ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் கையரிப்பு, இழையின் முனை தோலில் குத்துவதால் வருவது. சொறியாதீர்கள், குளிர்ந்த நீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள். தரையில் இலேசாக நீர் தெளித்த பிறகே பெருக்குங்கள். பழைய குழாயில் சுண்ணாம்புப் பூச்சுப்போல் இறுகிய வெள்ளை உறை இருந்தால் மட்டும் தொடவே வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பஞ்சு உதிர்கிறது என்றால் மேலே உள்ள அலுமினியத் தகடு பிரிந்திருக்கிறது. ஐப்பசி மழை அந்த வழியாகத்தான் இறங்கும். இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நீர் அதைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பஞ்சு நனைந்தால் சூடு வெளியேறி, பாய்லரில் எரிக்கும் உமி வீணாவது ஒருபுறம். நான் பார்த்த ஓர் ஆலையில், மழைக்காலம் முழுக்க வேலை நின்றிருந்து, தை மாதம் தகட்டைப் பிரித்தபோது குழாயின் இரும்பு துருவேறி வெங்காயச் சருகுபோல் உரிந்து வந்தது. அழுத்தம் ஏறும் குழாய் அது, பக்கத்தில் ஆட்கள் நிற்கும் இடம். மழைக்கு முன்பே தகட்டை மாற்றச் சொல்லி முதலாளியிடம் இன்றைக்கே பேசுங்கள், தம்பி.