லேஅவுட் படித்த மகள், ஒரு படத்தை எடுத்துத் தர முடியாமல் தோற்றால்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பக்க வடிவமைப்பு படித்து முடித்து முதல் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்த ஒரு கோப்பைக் கொடுத்து, "இதில் உள்ள படங்களை இணையதளத்துக்கு எடுத்துக் கொடு" என்றிருக்கிறார்கள். அவள் எல்லாப் பக்கங்களையும் ஜேபெக் என்ற பட வகையாக எக்ஸ்போர்ட் செய்து (மென்பொருளிலிருந்து வெளியே எடுத்து) கொடுக்க, அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே, வேறு துறைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம். அது சின்ன விஷயமும் இல்லை. "படங்களை எடுத்துக் கொடு" என்ற அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பக்கத்தில் வைத்திருக்கும் மூலப் படக் கோப்புகளை அப்படியே திரட்டித் தருவது முதல் வேலை. வெட்டு, நிழல், மேலே எழுதிய எழுத்து என்று பக்கத்தில் எப்படித் தெரிகிறதோ அப்படியே ஒவ்வொரு படத்தையும் தருவது இரண்டாவது. முழுப் பக்கத்தையும் ஒரு படமாக மாற்றித் தருவது மூன்றாவது. உங்கள் மகள் மூன்றாவதைச் செய்தாள். அவர்கள் எதிர்பார்த்தது அநேகமாக முதலாவது, அல்லது இரண்டாவது. என்னைக் கேட்டால், "இந்த மூன்றில் எது வேண்டும்?" என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தாலே பாதி மதிப்பெண் கிடைத்திருக்கும்.

தொழிலைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அவளோடு பேச வசதியாக இருக்கும், அதனால் விளக்குகிறேன். லேஅவுட் மென்பொருளில் ஒரு புகைப்படத்தை வைக்கும்போது அந்தப் படம் பொதுவாகக் கோப்புக்குள் வந்து உட்காருவதில்லை. அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற குறிப்பும், திரையில் காட்ட ஒரு சிறிய முன்தோற்றமும்தான் உள்ளே இருக்கும். நூலகத்துப் பட்டியல் அட்டையில் புத்தகத்தின் பெயரும் அலமாரி எண்ணும் இருப்பதைப் போல. அட்டையை நகலெடுத்தால் புத்தகம் கிடைக்காது. திரையில் தெரிவதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தருபவர்கள் செய்வது அதுதான்.

மூலப் படங்கள் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கட்டளை பக்கமே போக வேண்டியதில்லை. இன்டிசைனில், வைத்திருக்கும் படங்களின் பட்டியலைக் காட்டும் லிங்க்ஸ் பேனலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு கோப்புறைக்கு நகலெடுக்கலாம். அல்லது பேக்கேஜ் கட்டளை கொடுத்தால் படங்களும் எழுத்துருக்களும் ஒரே இடத்தில் திரண்டு வந்துவிடும். சில நிமிட வேலை. ஆனால் லிங்க் அறுந்திருந்தால், அதாவது மூலக் கோப்பு அந்த இடத்தில் இல்லையென்றால், உள்ளே இருப்பது முன்தோற்றம் மட்டும்தான். அதை எப்படி எக்ஸ்போர்ட் செய்தாலும் தெளிவு வராது. அப்போது "இந்தப் படங்களின் மூலம் கிடைக்கவில்லை, அனுப்புங்கள்" என்று பெயர்களோடு எழுதிக் கேட்பதுதான் சரியான வேலை. மங்கலான படத்தைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுபவரை அச்சுத் தொழிலில் யாரும் நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் தெரிகிறபடியே வேண்டுமென்றால், அந்தப் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் என்று சொல்ல அங்கேயே ஒரு தேர்வு இருக்கிறது. இங்கேதான் ரெசல்யூஷன் கணக்கு வருகிறது, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) என்ற கணக்கு. அதைத்தான் பிபிஐ என்பார்கள். பயிற்சி வகுப்புகளில் "அச்சுக்கு 300, திரைக்கு 72" என்று மனப்பாடம் செய்ய வைத்து அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் தரும் பாடம் அது. 10 செ.மீ. அகலமுள்ள ஒரு படத்தை 300-இல் எடுத்தால் சுமார் 1,180 பிக்சல் அகலம் வரும், 72-இல் எடுத்தால் சுமார் 283 பிக்சல்தான் வரும். இணையப் பக்கத்தில் முழு அகலத்துக்கு வைக்க வேண்டிய படத்துக்கு 283 பிக்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரைக்குக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது எத்தனை பிக்சல் அகலம் என்பதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 300 என்று தட்டிவிட்டதாலேயே தெளிவு கூடிவிடாது. 300 பிபிஐ உள்ள படத்தைப் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தால் அதன் உண்மைப் பலன் 150தான். லிங்க்ஸ் பேனல் இரண்டு எண்களையும் காட்டும். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். "எஃபெக்டிவ் பிபிஐ", அதாவது பக்கத்தில் வைத்த அளவில் வரும் எண், என்று பதில் வந்தால் நன்றாகவே கற்றிருக்கிறாள்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சுக்காகச் செய்த பக்கத்தில் படங்கள் பெரும்பாலும் சிஎம்ஒய்கே என்ற அச்சு மைகளுக்கான நிற முறையில் இருக்கும். அவற்றை அப்படியே இணையத்துக்குக் கொடுத்தால் சில இடங்களில் நிறம் விகாரமாகத் தெரியும். அதனால் திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற முறைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பிஎன்ஜி என்ற இன்னொரு பட வகையில் சிஎம்ஒய்கே வைக்கவே முடியாது. ஜேபெக்கில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, அதனால் நிழலோடு வெட்டிய படத்தை ஜேபெக்காக எடுத்தால் பின்னால் வெள்ளைக் கட்டம் வந்து நிற்கும்.

பிடிஎஃப்பிலிருந்து படங்களை உருவிக்கொள்ளலாமே என்று அவள் சொல்லக்கூடும். உருவலாம், மூலக் கோப்பே இல்லாதபோது வேறு வழியும் இல்லை. ஆனால் பிடிஎஃப் செய்யும்போதே பல அமைப்புகள் படங்களின் பிக்சலைக் குறைத்துவிடுகின்றன. சிறிய கோப்புக்கான அமைப்பில் செய்த பிடிஎஃப்பிலிருந்து எடுத்ததை மறுபடி அச்சிட முடியாது. பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ போன்ற பழைய அச்சுத் தரத்தில் ஒளிபுகும் விளைவுகளுக்கு இடமில்லை. அவற்றை ஒரே அடுக்காகத் தட்டையாக்கும்போது ஒரே படம் பல துண்டுகளாகப் பிரிந்துவிடுவதுண்டு. அப்படி நிழல் விழுந்த படத்தை உருவினால் பட்டை பட்டையாக வரும்.

நான் ஒரு வடிவமைப்பாளரை வேலைக்கு எடுக்கிற இடத்தில் இருந்தால் மென்பொருள் கேள்விகளை விட்டுவிட்டு ஒன்றைக் கேட்பேன். பக்கத்தில் ஒரு குழந்தையின் முகம் சட்டகத்துக்கு வெளியே போகும்படி வெட்டியிருக்கிறார்கள். மூலப் படத்தில் அந்த முகம் முழுதாக இருக்கிறது. இணையதளத்துக்கு எதைக் கொடுப்பாய்? வேண்டுமென்றே வெட்டியதாக இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருந்திருக்கலாம். அச்சுக்கு மட்டும் உரிமம் வாங்கிய படமாகவும் இருக்கலாம். கேட்காமல் மூலத்தை அனுப்புவது இங்கே ஆபத்து. இதை எந்த மெனுவும் சொல்லித் தராது.

சரி, வேலைக்கு வருவோம். இந்த நுணுக்கம் உள்ளவர்களுக்குப் பொருந்தும் இடங்கள் உண்டு. அச்சுக்கு முந்தைய ப்ரீபிரஸ் பிரிவு, பதிப்பகங்களின் தயாரிப்புப் பிரிவு, மின்னூல் மாற்றம், அச்சில் வந்ததை இணையத்துக்கும் செயலிக்கும் கொண்டுபோகும் வேலை. மின்னூலில் ஒவ்வொரு படத்துக்கும் மாற்று விவரிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது, பார்வையற்ற வாசகர்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். அழகான அட்டை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் பாராட்டு இந்த வேலைகளில் கிடைக்காது. அதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். வெறும் டெம்ப்ளேட்டில் எழுத்தையும் படத்தையும் நிரப்பும் வேலையை நம்பி இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதைக் கணினியே செய்துகொள்கிறது.

இன்னொரு சான்றிதழ் வகுப்பில் சேர்க்க இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். அவளே செய்த ஒரு சிறு இதழை எடுத்துக்கொள்ளட்டும். அதே படங்களை மூன்று பேருக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளட்டும்: அச்சகம், இணையதளம், மின்னூல். எதை எந்த அளவில், எந்த நிறத்தில், எந்த வகையில் கொடுத்தாள், ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். அந்தப் பக்கம் அவளுடைய போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) முதலில் வரட்டும். போர்ட்ஃபோலியோவையும் பிடிஎஃப்பாக, எழுத்து எழுத்தாகவே இருக்கும்படி அனுப்ப வேண்டும். மங்கலான ஜேபெக் பக்கங்களாக அனுப்பினால் திறந்த உடனேயே மூடிவிடுவார்கள்.

இதைச் செய்யும்போது அவளுக்கு ஆர்வம் வருகிறதா, சலிப்பு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பிக்சல் கணக்கும் கோப்புப் பெயரும் அவளுக்குத் தலைவலியாகவே இருந்தால், அப்போது துறை மாற்றம் பற்றிப் பேசலாம். ஓவியமும் யோசனையும் பிடிக்கிறவளாக இருந்தால் விளம்பர வடிவமைப்பு, விளக்கப்படம் என்று பக்கத்திலேயே வேறு வழிகள் இருக்கின்றன.

கடைசியாக, வீட்டில் பழக இன்டிசைன் சந்தா கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உடனே வேண்டாம். ஸ்க்ரைபஸ் என்ற லேஅவுட் மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதிலும் படங்கள் லிங்க்காகத்தான் இருக்கும், கோப்புகளைத் திரட்டவும் பக்கத்தைப் படமாக எடுக்கவும் வசதி உண்டு. இன்டிசைன் கோப்பை நேராகத் திறக்காது என்பது ஒரு குறை. வேலை உறுதியாகும் நிலை வந்த பிறகு சந்தா கட்டினால் போதும்.