தேர், காற்றாலை, கிணற்று மோட்டார்: வேலை, ஆற்றல், திறன், உந்தம் பற்றிக் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி டவுன்: சார், உந்தம், இயக்க ஆற்றல் ரெண்டுமே நிறையையும் வேகத்தையும் வச்சுத்தான் வருது. பிறகு எதுக்கு ரெண்டு?

நல்ல கேள்வி. ஆனித் தேரோட்டத்தை வைத்தே பார்ப்போம். நெல்லையப்பர் தேரைக் கணக்குக்காக 400 டன் என்று எடுத்துக்கொள். ரதவீதியில் நொடிக்கு 0.3 மீட்டர் நகர்கிறது. உந்தம் = நிறை × வேகம் = 4,00,000 × 0.3 = 1,20,000 கிகி மீ/வி. இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம்² = ½ × 4,00,000 × 0.09 = 18,000 ஜூல்.

இப்போது 1,000 கிலோ கார் ஒன்று நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் இயக்க ஆற்றலும் அதே 18,000 ஜூல்தான். உந்தமோ வெறும் 6,000. இருபதில் ஒரு பங்கு.

இரண்டையும் 2 நொடிக்குள் நிறுத்த வேண்டுமானால் காருக்கு 3,000 நியூட்டன் போதும். தேருக்கு 60,000 நியூட்டன் வேண்டும். கார் அதற்குள் 6 மீட்டர் ஓடிவிடும், தேர் 30 செ.மீ. நகரும். விசையைத் தூரத்தால் பெருக்கு: இரண்டிலும் 18,000. நேரத்தால் பெருக்கு: உந்தம் வரும். “எத்தனை நொடியில் நிற்கும்” என்றால் உந்தம், “எத்தனை மீட்டரில் நிற்கும்” என்றால் ஆற்றல். இதற்காகத்தான் இரண்டு.

அதே மாணவி: அவ்வளவு பெரிய தேரைச் சின்ன சறுக்குக் கட்டை எப்படி சார் நிறுத்துது?

சக்கரம் கட்டையின் சரிவில் ஏறும்போது இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. 18,000 ஜூலை 4,00,000 × 9.8 ஆல் வகுத்துப் பார்: 0.0046 மீட்டர். முழுத் தேரும் நாலரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே அந்த ஆற்றல் தீர்ந்துவிடும். ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை! முன்சக்கரங்கள் மட்டும் ஏறினால் ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு உயரம் தேவைப்படும், அவ்வளவுதான். ஆனால் வடத்தை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த விசை செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ளும். கட்டை நசுங்கும், அல்லது வழுக்கி வெளியே வரும். வடத்தைத் தளர்த்துவதும் கட்டை கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர், மேலப்பாளையம்: நயினார்குளம் மார்க்கெட்டில் 50 கிலோ மூட்டையைத் தலையில் வச்சுக்கிட்டு 100 மீட்டர் நடக்கிறவர் செய்யுற வேலை சுழின்னு புத்தகம் சொல்லுது. மனசு ஒப்பலையே?

மூட்டையின் மீது அவர் கொடுக்கும் விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடையாக. இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. அதனால் அந்த விசை மூட்டையின் மீது செய்யும் வேலை சுழி. அவர் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் சுழி என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, சொன்னால் தவறு. பாரத்தைத் தாங்கும் தசை நார்கள் ஓயாமல் இழுத்து விட்டபடி இருக்கின்றன. அந்த ஆற்றல் வெப்பமாகிறது, வியர்க்கிறது. அதே மூட்டையை 1.2 மீட்டர் உயர லாரித் தட்டில் ஏற்றினால் 50 × 9.8 × 1.2 = 588 ஜூல் வேலை. விடைத்தாளில் “எந்த விசை, எதன் மீது” என்று எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கு.

விவசாயி, களக்காடு பக்கம்: அண்ணாச்சி, 5 எச்.பி. மோட்டார், மொத்தம் 20 மீட்டர் ஏத்தணும். எவ்வளவு தண்ணி வரணும்?

5 × 746 = 3,730 வாட். ஒரு லிட்டரை 20 மீட்டர் ஏற்ற 196 ஜூல். வகுத்தால் நொடிக்கு 19 லிட்டர். இது நட்டமே இல்லாத கணக்கு. பம்பும் குழாயும் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வைத்தால் 9 லிட்டர் வந்தால் நல்லது. அதற்கும் வெகுவாகக் குறைந்தால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு ஒழுகுகிறதா, குழாய் விட்டம் சிறியதா, வளைவுகள் அதிகமா என்று பாருங்க. பம்பு மேட்டில் இருந்தால், தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே 7 மீட்டரைத் தாண்டும்போது உறிஞ்சத் திணறும். பெரிய மோட்டார் போட்டாலும் தீராது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அதன் எல்லையே ஏட்டுக்கணக்கில் 10.3 மீட்டர்தான்.

கல்லூரி மாணவர், பணகுடி: ஆடிக் காற்றில் வேகம் ரெட்டிப்பானா காற்றாலை எட்டு மடங்கு தருமாமே?

காற்றில் இருக்கும் திறன் எட்டு மடங்காகும். வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு கிலோ காற்றின் இயக்க ஆற்றலும் நான்கு மடங்கு. அதோடு, ஒரு நொடியில் வந்து மோதும் காற்றின் நிறையும் இரண்டு மடங்கு. நொடிக்கு 6 மீட்டரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 130 வாட். 12 மீட்டரில் 1,037 வாட். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது: முழுவதையும் பிடுங்கினால் காற்று அங்கேயே நின்று, பின்னால் வருவதற்கு வழியில்லாமல் போகும். இயந்திரம் தன் உச்சத் திறனைத் தொட்டதும் இறக்கைகள் கோணத்தைத் திருப்பி மிச்சக் காற்றை விட்டுவிடும். அதற்கு மேல் எட்டு மடங்கு விதியைப் போட்டால் விடை தப்பு.

பெற்றோர், வள்ளியூர்: நால்வழிச்சாலையில் பையன் 80-ல் போறான். 40-ஐவிட ரெட்டிப்பு ஆபத்துதானே?

பிரேக் தூரம் நான்கு மடங்கு. நொடிக்கு 5 மீ/வி வீதம் வேகம் குறைந்தால் 40-ல் 12 மீட்டர், 80-ல் 49 மீட்டர். பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆனால் முறையே 11, 22 மீட்டர் கூடும். அவனிடம் இந்த எண்களைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், அம்பாசமுத்திரம்: பாபநாசத்தில் தண்ணியில கரண்ட் எடுக்கிற மாதிரி எங்க மாடித் தொட்டியில எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் உயரம் போதாது. 1,000 லிட்டர், 10 மீட்டர்: 98,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். உன் முழுத் தொட்டியும் 0.027 யூனிட்தான், பாதி வீணானால் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றரை மணி நேரம் எரியும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் தின்றது அதைவிட அதிகம். மலையில் ஏற்றிக் கொடுக்கும் வேலையை வெயிலும் மழையும் செய்கின்றன.