இரண்டு மணி நித்திரை

அன்பின் அண்ணா,

நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருடமாகிறது. காலையில் நன்றாகத்தான் போகும். சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு வந்து இருந்தால் பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேர் போனில். கைதட்டல், பந்து எறிதல் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கேட்டது 20 வீதம், செய்தது 90 வீதம் மனதில் நிற்கும் என்று ஸ்லைடிலும் போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் முன்பு வளவாளராக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். புதிய விளையாட்டுகள் ஏதும் தெரிந்தால் எழுதுங்களேன்.

அன்பின் தங்கச்சிக்கு,

கேள்விப்பட்டது சரி. ஆனால் விளையாட்டு ஒன்றும் எழுதப் போவதில்லை, கோபிக்க வேண்டாம்.

முதலில் அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள். எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1946இல் 'அனுபவக் கூம்பு' என்று ஒரு படம் போட்டார். அதில் ஒரு வீதக் கணக்கும் இல்லை. பிறகு யாரோ ஒட்டிவிட்டார்கள். இருபது, தொண்ணூறு என்று அவ்வளவு வடிவாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானும் வருடக்கணக்காக அதைத்தான் காட்டினேன். அதிலும், செய்தால்தான் மனதில் நிற்கும் என்பதை ஆட்களை இருத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு நம்முடைய ஊரில் செயலமர்வு காணாத மண்டபம் இல்லை. டிமைத் தாள், மார்க்கர், ரோல்ஸ், பிளேன்டீ, போக்குவரத்துக் காசு. முகத்தை வளவாளர் பக்கம் வைத்துக்கொண்டு மனதை வீட்டுக்கு அனுப்பும் வித்தையை சனம் அப்போதே பழகிவிட்டது. பந்து எறிந்தால் பிடிப்பார்கள், சிரிப்பார்கள், திரும்ப வந்து இருந்து தூங்குவார்கள். கடைசியில் படிவத்தில் 'மிக நன்று' என்றும் எழுதுவார்கள். என்னுடைய பயிற்சியில் நித்திரை கொண்டவரும் அப்படித்தான் எழுதித் தந்தார்.

என்னுடைய கண் திறந்தது கரண்ட் போன ஒரு நாளில். ஹோட்டலின் பெயர் வேண்டாம். புரொஜெக்டர் செத்துவிட்டது, மண்டபம் புழுங்குகிறது. வேறு வழியில்லாமல் எல்லாரையும் ஓர் அறைக்குக் கூட்டிப்போய், "கட்டிலை விரியுங்கள், பார்ப்போம்" என்றேன். எப்போதும் பின்வரிசையில் தூங்கும் கிண்ணியாத் தம்பி ஒருவன் முன்னால் வந்தான். விரிப்பை ஒரே வீச்சில் உதறினான். மடிப்புக் கோடு மெத்தையின் நடுவில் வந்து விழுந்தது. மூலையைத் தூக்கிச் சரிவாக மடித்து, கடித உறை மாதிரிச் செருகினான். அறைகளுக்குப் பொறுப்பான அக்கா விடவில்லை. "தம்பி, கால்மாட்டில் இவ்வளவு இறுக்கினால் உயரமான வெள்ளைக்காரர் காலை எங்கே நீட்டுவார்?" அவன் விளக்கம் சொல்ல, இன்னொருவர் குறுக்கே வர, அரை மணித்தியாலம் வாக்குவாதம். நான் அலுமாரியில் சாய்ந்து நின்றேன். என்னை யாரும் தேடவில்லை.

நீங்கள் சொல்லித் தரப்போகும் வேலையில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைக் காட்ட இடமில்லாதபோதுதான் போன் வெளியே வருகிறது.

சீசன் முடிந்து மாரி மழையில் ஹோட்டல் வெறுமையாகும்போதுதானே பயிற்சி வைப்பார்கள்? அந்த மாதங்களில் ஊழியர்களுக்குப் பங்கிடும் சர்விஸ் சார்ஜ் கரைந்துபோயிருக்கும். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்ற யோசனையோடு இருப்பவரிடம் 'புன்னகையின் முக்கியத்துவம்' எடுபடாது. போன சீசனில் வந்த முறைப்பாடு ஒன்றை ஒவ்வொருவரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏசி ஒழுகியது, பில் பிழைத்தது, எதுவும் சரி. ஒருவர் விருந்தினர், ஒருவர் வரவேற்பு மேசை. விருந்தினராக நடிப்பவர் நிஜத்தைவிடக் கூடுதலாகக் கத்துவார், பாருங்கள்.

இரண்டு மணிக்கு நீங்கள் பேசவே வேண்டாம். காலையில் பார்த்ததைக் குறிப்பைப் பாராமல் எழுதச் சொல்லுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பாராமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முன்னே. அதனால் அன்று மாலையே உங்களுக்குப் பலன் தெரியாது. முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு அதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் 12 மணிக்கே நிறுத்திவிடுங்கள். ஜும்ஆவுக்குப் போக வேண்டியவர் கதவையும் மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டிருப்பதை நித்திரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்த பயிற்சி எப்போது? ரோட்டில் வெள்ளம் இல்லையென்றால் நானும் வந்து பின்வரிசையில் இருக்கிறேன். பிளேன்டீ போதும், ரோல்ஸ் வேண்டாம்.